நாலாவது ஆள்

நாலாவதாக வந்தவன் பேரை
வாழ்நாளில் ஒருதரமும் நான் விசாரித்ததில்லை.
இன்றைக்கு அப்புத்தளை மேட்டில்
சேற்றில் நின்ற அத்தனை பேரும்
அதை மட்டுமே விசாரித்தோம்.

கணக்குப் போட்டவன் புவிராஜ்.
கொழுந்துச் சிட்டையின் பின்பக்கம்
பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தான்:
நம்ம முகுந்தகுமார் எழுபத்தைந்து,
குருநாகல் கவிந்து எண்பத்தெட்டு.
முதலாவதுக்கு இருபத்தைந்து புள்ளி.
நம்ம ஆள் வென்று, அவன் ஐந்தாவதானால்
ஒரு புள்ளியில் கிண்ணம் ஹட்டனுக்கு.
அவன் நாலாவது வந்துவிட்டால்
அதே ஒரு புள்ளியில் குருநாகலுக்கு.
"வேற வழியே இல்ல" என்று
சிட்டையை மடித்து
சாமி படம் வைக்கிற பையில் வைத்தான்.

பதினெட்டாம் சுற்று வரைக்கும் வெயில்.
அப்புறம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது மூடுபனி,
டிக்கெட் வாங்காமல்.
மேடு போனது, வளைவு போனது,
கொடி பிடித்தவனின் கை மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.
பிறகு எல்லாம் சத்தம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு
ரஸ்மின் சொல்லிக்கொண்டே வந்தான்:
"இது நம்மட பைக். மூணாவது கியர்.
இந்தா பாயுது… விழுந்துட்டு, நல்லா விழுந்துட்டு."
கார்புரேட்டர் கழுவிய கை அவனுடையது.
இருமலை வைத்துப் பிள்ளையை அறிகிற மாதிரி
அவனுக்குத் தெரியும்.

கடைசிச் சுற்றில்
ஒரு என்ஜின் சட்டென்று நின்றது.

யாருடையது?
ரஸ்மின் வாயைத் திறக்கவில்லை.
எனக்குப் பின்னால் யாரோ முனியாண்டியைக் கூப்பிட்டார்கள்.
எனக்குக் குடை பிடித்திருந்த சிவப்புத் தொப்பி அக்கா,
கவிந்துவின் ஊர்க்காரி,
"புது அம்மோ" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

பனியைக் கிழித்து முதலில் வந்தது நம்ம ஆள்.
கத்தினோம். ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை.
பாவம், கையைத் தூக்கினான்,
நாங்கள் அவனுக்குப் பின்னாலிருந்த வெள்ளையையே
வெறித்துக்கொண்டிருந்தோம்.
இரண்டாவது. மூன்றாவது.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு மூச்சிரைப்பு.
செயின் அறுந்த பைக்கைத்
தள்ளிக்கொண்டு ஓடிவந்தான் கவிந்து,
ஒரு கால் செருப்பை, இல்லை, பூட்ஸைச் சேறு வாங்கியிருந்தது.
அவன் தோளை உரசிப் பாய்ந்தது
பன்னிரண்டாம் நம்பர்.
கோட்டின்மேல் இரண்டும் ஒன்றாய்ப் போயின.

நான் கயிற்றோடு நின்றேன்.
சுண்ணாம்புக் கோடு என் காலடியில்.
முன்சக்கரம் தொட்டதைப் பார்த்தேன்.
யாருடையது என்பதையும் பார்த்தேன்.

அக்காவின் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது.
"ஹத்தரவெனித?" என்று கேட்டாள்.
நாலாவதா?
அவள் குடைக்குள் நின்றுகொண்டே
"தன்னே நே" என்றேன்.

நடுவர்கள் கூடாரத்துக்குள் போனார்கள்,
வெளியே வரவில்லை.
எங்கள் லொறிக்காரன் காத்திருக்க மாட்டான்,
விடியக்காலை அவனுக்கு லீக்ஸ் ஏற்ற வேண்டும்.

இப்போது லொறிக்குள்
வெறும் கோவாச் சாக்குகளின்மேல் யுத்தம்.
"பன்னெண்டுதான் முன்ன! சத்தியமா!"
"நீ பார்த்தியா? அந்தப் பனியில?"
"தள்ளிக்கிட்டு வந்தா செல்லாதுடா."
"செல்லும். சட்டம் இருக்கு."
சிட்டை கை மாறிக் கை மாறி
கிழியப் பார்க்கிறது.
போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை.
பட்டிப்பொல தாண்டினால் கிடைக்குமாம்.

"மாலினி, நீதானே கோட்டுக்கிட்ட நின்ன?"
லொறி முழுக்க என் பக்கம் திரும்பியது.
காய்ச்சல் என்று பொய் சொல்லி
கார்மெண்ட்ஸில் லீவு எடுத்து வந்தவள் நான்.
தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்,
கத்திக் கத்தி அடைத்துவிட்டது என்று.
அது பொய்யில்லை.

பாணும் சம்பலும் நீட்டினான் ரஸ்மின்.
அவன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
நின்றுபோன என்ஜின் யாருடையதென்று
அவனுக்கும் அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்த வளைவில்
யாருடைய சட்டைப் பையிலோ
ஒரு போன் அதிர்ந்தது.